59 பிள்ளைகளோடு இருந்த ஒரு பாடசாலை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

நேற்று எங்கள் பாடசாலையில் தரம் ஒன்று கால்கோள் விழா. படிப்பிக்கத் தொடங்கிப் பத்து வருடமாகிறது. ஆனாலும் புது வருடத்தின் முதல் நாளுக்கு முந்திய இரவில் எனக்கு இன்னும் நித்திரை வருவதில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸிலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். மொத்தம் 17 பெயர்கள். மருதானை வருமுன்னே பாடமாகிவிட்டது.

விழா முடிந்ததும் ஒரு உம்மா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "டீச்சர், இவ்வளவு புள்ளைகள்தானா? ரெண்டு மூணு வருஷத்துல ஸ்கூல மூடிருவாங்களோ?"

அந்த இடத்தில் சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

நூற்று நாற்பது வருடங்களுக்கு முன் நம் சமூகமே முதல் நாள் பிள்ளையைப் போலத்தான் பாடசாலை வாசலில் பயந்து நின்றது. ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளின் கையில் இருந்தது. அங்கே அனுப்பினால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். அதனால் பிள்ளைகள் ஓதப் போனார்கள், பிறகு கடைக்குப் போனார்கள். அந்தப் பயத்தை இன்று குறை சொல்வது இலேசு. அன்று அது நியாயமான பயம்.

கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை அந்தப் பெற்றோரைத் திட்டவில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, கல்வி ஏன் வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். 1884இல் புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலையும் தொடங்கினார். போதிய ஆதரவு கிடைக்காமல் அது நிலைக்கவில்லை. பெரிய மனிதர்கள் தொடங்கியதெல்லாம் முதல் முறையிலேயே வென்றுவிடவில்லை என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை.

அவர் ஓயவில்லை. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் கொழும்புக்கு வந்திருந்த ஒறாபி பாஷா ஊக்கம் கொடுத்தார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் தோள் கொடுத்தார். 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி மருதானையில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் புதிய பாடசாலை திறக்கப்பட்டது. இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான். முதல் தோல்விக்கும் இதற்கும் இடையில் எட்டு வருடங்கள்.

அந்த உம்மாவுக்கு நான் சொல்ல நினைத்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

1921இல் டி.பி. ஜாயா அதிபராகப் பொறுப்பேற்றபோது ஸாஹிராவில் இருந்தவர்கள் 59 மாணவர்கள், 6 ஆசிரியர்கள். பாடசாலை தொடங்கி 29 வருடங்கள் கழிந்த பிறகும் அவ்வளவுதான். ஆனந்தாக் கல்லூரியில் நல்ல பெயரோடு படிப்பித்துக் கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். முதல் நாள் அந்த வெறும் வாங்குகளைப் பார்த்தபோது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். கால் நூற்றாண்டுக்கும் மேல் அவர் அங்கேயே இருந்தார். நாட்டின் முன்னணிப் பாடசாலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. கம்பளை, மாத்தளை, அளுத்கம, புத்தளம் என்று வெளியூர்களிலும் ஸாஹிராக்கள் முளைத்தன.

அவருக்குப் பின் 1948இல் வந்தவர் யாழ்ப்பாணத்து ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அந்தப் பதவியை விட்டுவிட்டுத்தான் பாடசாலை அதிபரானார். இன்று யாராவது அப்படிச் செய்தால் நாம் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்போம். ஸாஹிரா நமக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே படித்தவர், பிறகு அங்கேயே படிப்பித்தவர்.

உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் குறைவாக உள்ள எல்லாப் பாடசாலையும் ஸாஹிரா ஆகிவிடாது. 1884இல் தொடங்கியது நிற்கவில்லையே. ஒன்று நின்றது, மற்றது நிற்கவில்லை. வித்தியாசம் எங்கே? ஒரு நல்ல மனிதர் இரண்டுக்கும் இருந்தார். இரண்டாவதற்குப் பணமும் உழைப்பும் கொடுக்க மற்றவர்களும் வந்தார்கள், தங்கள் பிள்ளைகளையும் அனுப்பினார்கள்.

இன்று நம்மில் வசதியுள்ளவர்கள் சர்வதேசப் பாடசாலைக்குப் போகிறார்கள். சிலர் சிங்கள மொழிமூலம் தேடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, பிள்ளையின் எதிர்காலம் பற்றிய பயம் யாருக்கும் உண்டு. ஆனால் பக்கத்துப் பாடசாலையில் மிஞ்சியிருப்பவை நாட்டாமை வேலை செய்பவரின், ஓட்டோ ஓட்டுபவரின், வீட்டு வேலைக்கு வெளிநாடு போன உம்மாவின் பிள்ளைகள். அந்தப் பாடசாலை படுத்தால் அவர்களுக்குப் போக வேறு இடமில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை எங்கே படித்தாலும் பரவாயில்லை. நீங்கள் படித்த பழைய பாடசாலைக்கு இந்தத் தவணையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும்போது கேற்றைத் தாண்டித்தானே போகிறீர்கள். ஒரு மணித்தியாலம் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் கொடுங்கள். உடைந்த இரண்டு வாங்கைத் திருத்திக் கொடுங்கள். அதிபரிடம் என்ன தேவை என்று கேளுங்கள்.

இன்று காலை அந்த உம்மாவிடம் 59 கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நம்மட்ட இன்னும் 42 குறையுது டீச்சர்" என்றார். ஒரு வகுப்பை ஒரு முழுப் பாடசாலையோடு ஒப்பிட்டுவிட்டார். நான் திருத்தவில்லை. நாளைக்குத் தன் தங்கச்சியின் மகனைக் கூட்டிவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்ஷா அல்லாஹ், 18ஆவது பெயரையும் பாடமாக்க வேண்டும். புது வருடம் தொடங்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், அவர்களைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கும் துஆச் செய்யுங்கள்.