பழங்கல்லைக் காத்த திருப்பணி

புதிதாக ஒரு திருக்கோயிலை எழுப்புவதினும் பழுதுற்ற கோயிலைப் புதுக்குவது மேலான அறம் என்று ஆன்றோர் கூறுவர். சீர்ணோத்தாரணம் என்று வடமொழியாளர் வழங்கும் இவ்வறத்தைத் திருப்பணி என்னும் இனிய சொல்லால் தமிழர் வழங்கினர். இதனுள் இரண்டு கடமைகள் அடங்கியுள்ளன. சிதைந்ததைச் சீர் செய்வது ஒன்று. சிதையாமல் எஞ்சி நிற்பதைப் பழுதின்றிக் காப்பது மற்றொன்று. முன்னையது எல்லோர் கண்ணுக்கும் புலப்படும். பின்னையதோ செய்தவர் உள்ளத்துக்கும் இறைவனுக்குமே தெரியும். ஆயினும் இவ்விரண்டாம் கடமையைப் பண்டைய சோழர் எத்துணைக் கருத்தோடு ஆற்றினர் என்பதைக் கல்வெட்டுக்களே சான்று பகர்கின்றன.

கண்டராதித்த சோழரின் தேவியாரும், உத்தம சோழரின் அன்னையாருமாகிய செம்பியன் மாதேவியார் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றிய பெருமாட்டி இவரே. பாடல் பெற்ற தலமாகிய திருக்கோடிகாவில் அம்மையார் கற்றளி எடுத்தபோது, அங்கே பல்லவர் காலம் முதலாகப் பொறிக்கப்பட்ட பழஞ்சாசனங்கள் இருந்தன. புதிய கோயில் எழும்போது பழைய கற்கள் பயனற்றுப் போதல் இயல்பு. அம்மையாரோ அச்சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டுவித்தார். இவை பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்பதும் அங்கேயே குறிக்கப்பெற்றது. தம் காலத்து எழுத்தைப் பழையதென்று காட்ட முற்படாமல், மூலம் எது, படி எது என்று பிரித்துச் சொன்ன அந்த நேர்மை வியக்கத்தக்கது.

கொள்ளிடக் கரையில் விளங்கும் திருமழபாடியிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. முதலாம் இராசராசன் (985–1014) அங்குள்ள வைத்தியநாதப் பெருமானின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன், சுவரிலுள்ள கல்வெட்டுக்கள் அனைத்தையும் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் அவ்வாணையின் பகுதியாகும். திருப்பணி முற்றியபின், அவன் மைந்தன் முதலாம் இராசேந்திரன் ஆட்சியில், அப்புத்தகத்தைப் பார்த்து அவை மீண்டும் கல்லில் ஏற்றப்பட்டன. தந்தையின் ஆணையை மைந்தன் காலம் மறவாமல் நிறைவேற்றியது. முதலில் பதிவு, பிறகே பணி என்று இக்காலத்துத் தொல்லியலார் வகுத்துள்ள விதி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அக்கொள்ளிடக் கரையில் கைக்கொள்ளப்பட்டிருந்தது.

இத்துணைக் கவலை எதற்காக? கல்வெட்டு என்பது வெறும் எழுத்தன்று. ஒருவர் இறைவனுக்குக் கொடுத்த வாக்கு. நந்தா விளக்கு ஒன்று எரிவதற்குத் 96 ஆடுகளை விட்டவர், அமுதுபடிக்கு நிலம் அளித்தவர், திருப்பதிகம் பாடுவார்க்கு நெல் வகுத்தவர் ஆகியோரின் பெயரும் ஊரும் அக்கல்லில் மட்டுமே வாழ்கின்றன. கல் தேய்ந்தால் அவர்கள் செய்த அறம் இரண்டாம் முறை மறைகிறது.

இவற்றைத் தொகுக்கும் பணி அண்மைக் காலத்தில் அரசின் துணையால் முறைப்பட்டது. 1886இல் ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பெற்றார். தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் என்னும் தொகுதியின் முதற் பகுதி 1890இல் வெளிவந்தது. படியெடுக்கும் முறை எளிதே. கல்லை நீரால் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் மெல்லத் தட்டுவர். தாள் எழுத்தின் பள்ளத்துள் படியும். பின்னர் மை ஒற்றினால் கரிய பரப்பில் எழுத்து வெண்மையாகத் தோன்றும். கல்லுக்கு ஊறு சிறிதும் இல்லை.

ஆயினும் படி எடுத்தாயிற்று என்று மூலத்தைக் கைவிடலாகாது. மணலைக் காற்றின் அழுத்தத்தால் பீய்ச்சிச் சுவரைத் தூய்மை செய்யும் முறை சில கோயில்களில் கையாளப்பட்டது. கல் பளிச்சென்று தோன்றியது. ஆனால் அதன் மேற்பரப்போடு எழுத்தும், சிற்பத்தின் நுண்மையும் சேர்ந்து தேய்ந்தன. மென்மையான தூரிகையும் நீரும் பொறுமையுமே கல்லுக்கு ஏற்றவை. சிமெந்துப் பூச்சும் அத்தகையதே. அது கடினமானது, சுவரின் ஈரம் வெளியேற வழிவிடாது, உப்பைச் சேர்த்து அருகிலுள்ள பழஞ்செங்கல்லையும் சுதையையும் உதிரச் செய்யும். சுண்ணாம்பை ஊறவைத்து, மணல் கூட்டி அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்த முன்னோரின் சாந்தோ சுவரை மூச்சுவிடச் செய்வது. கோபுரத்தையோ மண்டபத்தையோ பிரிக்க நேரின், ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டுப் படம் எழுதிய பின்னரே கை வைத்தல் முறை.

கல்லுக்குக் கூறியது சுவரோவியத்துக்கும் பொருந்தும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களே புலப்பட்டிருந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, உதிர்ந்த இடங்களின் அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். சுந்தரர் வரலாறும், திரிபுரம் எரித்த பெருமானின் திருக்கோலமும் வெளிப்பட்டன. அடியிலுள்ளதைக் காண மேலுள்ளதைச் சுரண்டி எறிவதா என்னும் வினா எழுந்தது. தொல்லியல் துறையின் வேதியியல் அறிஞர் பின்னாளில் நாயக்கர் ஓவியப் படலத்தைச் சிதையாமல் பெயர்த்தெடுத்து வேறு பலகையில் பதித்து, இரு காலத்துக் கலையையும் காத்தனர். ஒன்றுக்காக மற்றொன்றை அழியாமை செம்பியன் மாதேவியார் காட்டிய நெறியே யன்றோ!

திருவரங்கத்தில் பெரிய கோயிலின் திருப்பணி இந்நெறியில் நடைபெற்றதை உலகமும் போற்றியது. பிற்காலத்தில் எழுந்த தடைகளை நீக்கி, மழைநீர் செல்லும் பழைய வழிகளையும் மீட்ட அப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கான பாரம்பரியக் காப்பு விருது வழங்கிற்று.

திருப்பணிக்குப் பொருள் உதவும் அன்பர்கள் தம் பெயர் கல்லில் நிற்க விரும்புதல் குற்றமன்று. அப்பெயரைப் பொறிக்க இடம் தேடுகையில், அவ்விடத்தில் முன்னரே ஒருவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். பழங்கொடையாளர் பலர் தம் சாசனத்தின் இறுதியில், இந்த அறத்தைக் காப்பவருடைய திருவடிகள் தம் தலைமேலன என்று எழுதிவைத்துச் சென்றனர். என்றோ பிறக்கப்போகும் ஒருவரை நோக்கி அவர்கள் முன்கூட்டியே செய்த வணக்கம் அது. அவ்வணக்கத்தைப் பெறும் பேறு, பழங்கல்லைத் தேய்க்காமல் காக்கும் ஒவ்வொரு திருப்பணியாளருக்கும் உரியது.