உதவலாமா, கூடாதா? ஹெச்.ஐ.வி. தம்பதிகளும் மிலான் மருத்துவரும்

கணவருக்கு ஹெச்.ஐ.வி. இருக்கு, மனைவிக்கு இல்லை. ரெண்டு பேரும் குழந்தை வேணும்னு மருத்துவர்கிட்ட வர்றாங்க. அவர் உதவலாமா, கூடாதா? இன்னைக்கு இதுதான் கேள்வி.

1990-ல் அமெரிக்கா சொன்ன பதில்: கூடாது. ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய் உள்ள பலருக்கு, சிகிச்சைக்காக ஏற்றிய ரத்தப் பொருள்கள் வழியாகவே ஹெச்.ஐ.வி. தொற்றியிருந்தது. அப்படி ஒருவருடைய விந்தைச் சுத்திகரித்து மனைவிக்குச் செலுத்தினார்கள். மனைவிக்கும் தொற்று வந்தது. இதைப் பதிவுசெய்த நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்றுள்ள ஆண்களின் விந்தைக் கருவூட்டலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றது.

அதே காலத்தில் இத்தாலியின் மிலான் நகரில் அகஸ்டோ செம்ப்ரினி என்ற மருத்துவர் வேற மாதிரி யோசித்தார். வைரஸ் இருப்பது முக்கியமாக விந்துத் திரவத்திலும் அதிலுள்ள வெள்ளையணுக்களிலும்தான். அப்போ உயிரணுவை மட்டும் தனியாகப் பிரிக்கலாமே? மையவிலக்குக் கருவியில் சுழற்றி, திரவத்தை நீக்கி, கழுவி, மேலே நீந்தி வரும் உயிரணுக்களை எடுத்துப் பயன்படுத்தினார். 1992-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. 29 பெண்களுக்குச் சிகிச்சை. 15 பேர் கருவுற்றார்கள். ஒருவருக்கும் தொற்று இல்லை.

எதிர்த்தவர்களை மோசமானவர்கள்னு நான் சொல்ல மாட்டேன். 29 பேர் சின்ன எண்ணிக்கை. கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-ல்தான் வந்தது. அதற்கு முன் அப்பா சீக்கிரம் இறந்துபோக வாய்ப்பு அதிகம். தெரிந்தே ஒரு குழந்தையை அந்த நிலையில் விடலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. மருத்துவர் கதவைச் சாத்தினால் குழந்தை ஆசை போயிடுமா? போகாது. சிலர் வீட்டிலேயே, பாதுகாப்பில்லாமல் முயற்சி செய்வார்கள். அப்போ ஆபத்து முழுக்க மனைவி தலையில். மறுப்பதால் மருத்துவரின் கை சுத்தமாக இருக்கலாம்; அவள் பாதுகாப்பாக இருக்க மாட்டாள். என் பார்வையில் செம்ப்ரினியின் வாதத்துக்குப் பலம் இங்கேதான்.

1998-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிராக்டன் எதிர் ஆபட் வழக்கில், பிள்ளை பெறுவது வாழ்க்கையின் முக்கியமான செயல்பாடு என்றது. வழக்கு என்னவோ பல் சிகிச்சை பற்றியது! ஹெச்.ஐ.வி. அந்தச் செயல்பாட்டைத் தடுப்பதால், மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு. 2002-ல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் அறநெறிக் குழுவும், தொற்றைக் காரணம் காட்டி மட்டும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்ற நிலைக்கு வந்தது.

இன்னைக்கு, ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. கழுவும் தேவையே பலருக்கு இல்லை. அப்போ யாராவது மறுத்தால், அது மருத்துவமா, பழைய பயமா? நீங்களே யோசிச்சுப் பாருங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.