மதுரை விமான நிலையம்: பெயர்ப்பலகையும் பட்டியலும்



மதுரை ஏர்போர்ட்டைப் பற்றி நம்மூரில் பல வருடமாகக் கேட்கப்பட்டு வந்த கேள்வி ஒன்று உண்டு. "கொழும்புக்கு ஃப்ளைட் போகுது, துபாய்க்குப் போகுது. அப்புறம் ஏன் இதை இன்டர்நேஷனல்னு அறிவிக்கலை?" டீக்கடையில் ஆரம்பித்து பாராளுமன்றம் வரை கேட்டாகிவிட்டது. நான் கொஞ்சம் படித்துப் பார்த்த வரையில், அந்தப் பெயரை விட முக்கியமான சமாச்சாரம் வேறு ஒன்று இருக்கிறது. பி.காம். படிக்கிறவனுக்குப் பிடித்த சமாச்சாரமும் கூட. கோட்டா!

முதலில் பழைய கதை. 1942 ஏப்ரல் 5ந்தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9ந்தேதி திரிகோணமலை. தென்னிந்தியா முழுக்க பயம். அந்த வருடம்தான் மதுரைக்குத் தெற்கே, அவனியாபுரம் தாண்டி பெருங்குடிப் பக்கம், கண்மாய்களுக்கும் மானாவாரி நிலத்துக்கும் நடுவில் பிரிட்டிஷ் விமானப்படை வந்து இறங்கியது. ஆக, நம்ம ஏர்போர்ட் பிறந்ததே சண்டைக்காகத்தான். சுதந்திரத்துக்குப் பின் 1953ல் இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் மதுரைக்குப் பயணிகள் விமானமும் வந்தது. அதன் பிறகு ஐம்பது வருடத்துக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சென்னைக்குப் போகும், வரும். அவ்வளவுதான்.

2010 செப்டம்பரில் புதிய முனையம் திறந்தார்கள். 2012 செப்டம்பர் 20 அன்று முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியது, ஸ்பைஸ்ஜெட், கொழும்புக்கு. எழுபது வருடம் முன்பு எந்தக் கொழும்பு தாக்கப்பட்ட நேரத்தில் இந்த ஓடுதளம் வந்ததோ, அதே கொழும்புக்கு!

சந்தோஷம் சரியாக இரண்டு வாரம். 2012 அக்டோபர் 4 அன்று மத்திய அமைச்சரவை ஐந்து விமான நிலையங்களை 'பன்னாட்டு' நிலையங்களாக அறிவித்தது. லக்னோ, வாரணாசி, மங்களூர், கோவை, திருச்சி. மதுரை இல்லை. இரண்டு பக்கத்து ஊர்களுக்குக் கொடுத்துவிட்டு நடுவில் இருப்பவனுக்கு இல்லை என்றால் கோபம் வரத்தானே செய்யும். அதன்பின் பத்து வருடத்துக்கு மேல் அந்த ஒரு வார்த்தைக்காக மனுக்கள், கூட்டங்கள், அறிக்கைகள்.

ஆனால் திருச்சியை உற்றுப் பாருங்கள். ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வர ஆரம்பித்தது 2008ல். அதாவது 'பன்னாட்டு' பட்டம் கிடைப்பதற்கு நாலு வருடம் முன்னாலேயே. எப்படி?

விடை இருப்பது 2003ல், பாலித் தீவில். அங்கே நடந்த ஆசியான் மாநாட்டில் பிரதமர் வாஜ்பாய் ஒரு சலுகை அறிவித்தார். ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்கள் இந்தியாவின் 18 சுற்றுலா ஊர்களுக்கு எத்தனை விமானம் வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளலாம் என்று. அந்தப் பதினெட்டில் திருச்சி இருந்தது. கயா, கஜுராஹோ கூட இருந்தன. மீனாட்சி அம்மன் கோவில் இருக்கிற ஊர் இல்லை!

இங்கே கொஞ்சம் தியரி, பொறுத்துக்கொள்ளுங்கள் :) 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் வானம் சொந்தம். அடுத்த நாட்டு விமானம் வரவேண்டுமென்றால் இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட வேண்டும். வாரத்துக்கு எத்தனை சீட், எந்தெந்த ஊர் என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஊர்களுக்கு 'பாயிண்ட் ஆஃப் கால்' என்று பெயர். பட்டியலில் உங்கள் ஊர் இல்லையா, அந்த நாட்டு விமானம் வராது. சுங்கமும் இமிக்ரேஷனும் இருந்தால் நம் நாட்டு விமானம் மட்டும் அங்கிருந்து போகலாம். அப்படியே இறக்குமதி கோட்டா மாதிரிதான்.

2016ல் மத்திய அரசு புதிய விமானப் போக்குவரத்துக் கொள்கை கொண்டுவந்தது. சார்க் நாடுகளுக்கும், டெல்லியிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நாடுகளுக்கும் கோட்டா தேவையில்லை என்ற கொள்கை அது. இலங்கை சார்க்கில் வந்துவிடுகிறது. துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர்? மூன்றுமே 5,000 கிலோமீட்டருக்குள். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனிக்காரர்கள் பிழைக்கப் போகிற நாடுகள் எவையோ, அவைதான் கதவுக்கு வெளியே நின்றன. அதனால்தான் எங்கள் தெருவில் வளைகுடாவிலிருந்து லீவில் வருகிற அண்ணன்கள் திருச்சியில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து 130 கிலோமீட்டர் வருவார்கள். கார் வாடகையும் அவர்கள் சம்பாத்தியத்திலிருந்துதான் போகும்.

இதெல்லாம் டெல்லியில் பேப்பரில் முடிகிற விஷயம். நம்மூரில் பேச்சு நடந்ததோ பெரும்பாலும் ஓடுதளத்தைப் பற்றி. இப்போதுள்ள நீளம் சுமார் 7,500 அடி. அதை 12,500 அடியாக்க 600 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். ரிங் ரோடு குறுக்கே வருவதால் அதைக் கீழே சுரங்கமாகக் கொண்டுபோக வேண்டும். அயன்பாப்பாகுடி, குசவன்குண்டு, பெருங்குடி என்று கிராமம் கிராமமாக நிலம் எடுத்தார்கள். பெரிய விமானம் இறங்க நீளம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்பைஸ்ஜெட்டின் போயிங் 737 துபாய்க்குக் கிளம்பியது இதே 7,500 அடியிலிருந்துதான். சாதாரண வளைகுடா விமானத்துக்கு நீளம் தடையாக இருக்கவில்லை. இன்னொரு தடை ராத்திரி நேரம். வளைகுடா விமானங்கள் நிறைய வந்துபோவது நள்ளிரவில். மதுரை 24 மணி நேரமும் இயங்க ஆரம்பித்ததே 2024 அக்டோபர் 1 முதல்தான்.

அடுத்த மாதமே, 2024 நவம்பரில், ஏர்போர்ட்டை ஒட்டிய சின்ன உடைப்பு கிராமத்து மக்கள் வீதியில் உட்கார்ந்தார்கள். வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. அவர்கள் விமான நிலையமே கூடாது என்று சொல்லவில்லை. வீட்டை இடிப்பதற்கு முன்னால் குடியேற மாற்று இடம் கொடுங்கள் என்றார்கள்.