கணக்கில் வராத முகம்: தொழுநோயும் ஃபேஸ்லிஃப்ட் அறுவையும்

ஃபோர்ட் கொச்சிப் படகுத்துறையில் ஜங்கார் ஏறினால் சில நிமிடங்களில் வைப்பின் தீவு. அந்தத் தீவின் வடகோடியில், முனம்பத்தை அடுத்திருக்கும் பள்ளிப்புரத்தில், 18-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தொழுநோயாளர்களுக்கென ஓர் இல்லம் நடத்தினார்கள். 1663-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றியவர்கள், கோட்டைக்குள் இருக்கக் கூடாதவர்கள் என்று தாங்கள் கருதியவர்களை நீருக்கு அப்பால் அனுப்பினார்கள். தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டது 1873-இல்தான். அதற்கு முன்பு கண்ணால் பார்த்தும் தோலின் உணர்ச்சியைச் சோதித்தும்தான் ஒருவருக்குத் தொழுநோய் என்று முடிவு கட்டினார்கள். தடித்த நெற்றி, உதிர்ந்த புருவம், அமுங்கிய மூக்கு, நீண்டு தொங்கும் காதுமடல் ஆகியவை அந்தத் தீர்ப்புக்குச் சாட்சிகள். ஆகவே மனிதனை ஊரிலிருந்து விலக்கியதில் நோய்க்கு இருந்த பங்கு முகத்துக்கும் இருந்தது. இந்திய ஒட்டறுவைச் சிகிச்சையின் வரலாற்றைச் சுசுருதரில் தொடங்கி, 1794-இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்த பூனா மூக்கறுவைச் செய்தி வழியாக, இன்றைய அழகு சிகிச்சை மையங்களுக்குக் கொண்டுவருவது வழக்கம். அந்த வழக்கமான வரிசையில் தொழுநோய் விடுபட்டுப் போகிறது. தொங்கிய முகத்தோலை இழுத்துத் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவையைத் தென்னிந்தியாவில் புரிந்துகொள்ள வேண்டுமானால் விடுபட்ட அந்த அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், அதைச் சேர்த்துக்கொண்டால் ‘அழகுக்கான அறுவை’, ‘அவசியமான அறுவை’ என்று நாம் போட்டிருக்கும் கோடு நிற்காது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

டச்சுக்காரர் காலக் கொச்சியில் மருத்துவ அறிவுக்குக் குறைவில்லை. டச்சு ஆளுநர் வான் ரீட், சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் வைத்தியரையும் ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய கொங்கணி வைத்தியர்களையும் துணைக்கொண்டு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. மலையாளிகள் மரோட்டி என்றும் நாம் நீரடிமுத்து என்றும் சொல்லும் மரம் அதில் உண்டு. அதன் விதையெண்ணெய்தான் தோல் நோய்க்கும் தொழுநோய்க்கும் இங்கே காலங்காலமாகப் பூசப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கில மருத்துவர்கள் ஊசி வழியாகச் செலுத்தியதும் அந்த இனத்து எண்ணெயைத்தான். ஆனால் விழுந்த மூக்கை எழுப்ப எந்த எண்ணெயாலும் ஆகாது.

உண்மையான திருப்பம் 1940-களில் செங்கல்பட்டில் நிகழ்ந்தது. லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் சல்போன் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார், கிருமி அடங்கியது. கொல்லிமலையில் பிறந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்ற வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1947-இல் செங்கல்பட்டுக்குச் சென்றபோது கண்டது மடங்கிப்போன கைகளை. அவற்றுக்கு அவர் செய்த தசைநாண் மாற்று அறுவை உலகப் புகழ் பெற்றது. அதே வேலூரில் தெரியவந்த இன்னொரு உண்மைக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. கை சரியாகி, கிருமியும் இல்லை என்று சான்று பெற்று ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. புருவமில்லாத, மூக்கு விழுந்த முகத்தைப் பார்த்தே கதவை மூடினார்கள். எனவே பிராண்டின் குழு முகத்துக்கு வந்தது. தலைமுடியோடு கூடிய உச்சித்தோலைப் புருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் ஒட்டறுவை நிபுணர் கில்லீஸிடம் பயின்று திரும்பிய மருத்துவர் நோஷிர் ஆன்டியா, மேலுதட்டின் உட்புறம் வழியாக மூக்கைத் திறந்து, சுருங்கிய உட்தோலை விடுவித்து, அங்கே புதிய தோலை ஒட்டி மூக்கை நிமிர்த்தும் முறையைப் புனே, மும்பை நோயாளர்களுக்குச் செய்தார். ஃபேஸ்லிஃப்டும் இந்த வரிசையில்தான் வந்தது. தொழுநோயின் தீவிர வகையில் கிருமிகள் முகத்தோலில் அடர்ந்து, தோலைத் தடிக்க வைத்து விரிக்கின்றன. மருந்தால் தடிப்பு வடிந்தபின், நெகிழ்வு இழந்த தோல் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. முப்பது வயதுக்காரருக்கு அறுபது வயது முகம். மிஞ்சிய தோலைக் காதின் முன்புறம் வெட்டியெடுத்து இழுத்துத் தைப்பதும், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் ஆழமான மடிப்பை அந்த இடத்திலேயே வெட்டிச் சேர்ப்பதும், தொங்கும் காதுமடலைக் குறைப்பதும் தொழுநோய் அறுவை நூல்களில் இடம்பெற்ற முறைகள். மருந்து முடிந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது எதிர்வினைத் தாக்குதல் இல்லாதிருக்க வேண்டும் என்பன அவற்றுக்கான நிபந்தனைகள். மலையாள நாடகாசிரியர் தோப்பில் பாசியின் ‘அஸ்வமேதம்’ நாடகமும் 1967-இல் வந்த அதன் திரைவடிவமும் கேரளத்துக்குக் காட்டியதும் இந்த முட்டுச்சந்தைத்தான்: நோய் குணமான பெண்ணை வீடு ஏற்க மறுக்கிறது.

ஐரோப்பாவில் இதே அறுவை வேறொரு வாசல் வழியாக வந்தது. 1901-இல் ஒரு சீமாட்டிக்குச் செய்ததாகப் பெர்லினின் ஹோலண்டரும், 1906-இல் ஒரு நடிகைக்குச் செய்ததாக லெக்ஸரும் பின்னாளில் எழுதினார்கள். முதற்காலத்தில் காதோரமும் முடியோரமும் கொஞ்சம் தோலை நறுக்கித் தைத்ததோடு சரி. சில மாதங்களில் மீண்டும் தொங்கியது. 1974-இல் சுவீடனின் ஸ்கூக் தோலுக்கு அடியிலுள்ள படலத்தையும் சேர்த்துத் தூக்கினார். 1976-இல் பாரிஸின் மிட்ஸ், பெய்ரோனி இருவரும் அந்தத் தசைப்படலத்தை உடற்கூற்றளவில் விவரித்து ‘ஸ்மாஸ்’ என்று பெயரிட்டார்கள். 1990-இல் அமெரிக்காவின் ஹாம்ரா இன்னும் ஆழத்தில் பிரிக்கும் ‘டீப் பிளேன்’ முறையை எழுதினார். இந்த வரலாற்றில் பலரும் தாண்டிப்போகும் ஒருவர் பாரிஸ் மருத்துவர் சுசான் நோயல். 1926-இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே அழகு அறுவையின் சமூகப் பங்கைப் பற்றியது. முகம் தளர்ந்ததால் பிழைப்பை இழக்கும் பெண்களுக்காக அவர் வைத்த வாதமும், வேலூரில் வேலை கிடைக்காமல் திரும்பியவர்களின் வழக்கும் என் கணிப்பில் ஒன்றுதான்.

இன்று எறணாகுளத்துத் தனியார் மருத்துவமனைகளில் ஃபேஸ்லிஃப்ட் கேட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் மூப்பால் தளர்ந்த முகம் உடையவர்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை தெளிவானவை. நெற்றிப்பொட்டு முடியிலிருந்து காதின் முன்புறமாக இறங்கி, மடலைச் சுற்றிப் பின்புறம் ஏறும் கீறல். அதன் வழியாகத் தோலைப் பிரித்து, அடியிலுள்ள ஸ்மாஸ் படலத்தை இழுத்து நிறுத்திவிட்டு, மிஞ்சும் தோலை இறுக்கமில்லாமல் வெட்டித் தைப்பார்கள். இழுவை படலத்தில் இருக்க வேண்டும். தோலில் இருந்தால் தழும்பு விரியும், காதுமடல் கீழே இழுபடும். முழு மயக்கத்திலோ, மரத்துப்போகும் ஊசியோடு உறக்க மருந்து தந்தோ சில மணி நேரத்தில் முடியும். அதிகம் நேரும் சிக்கல் தோலடியில் ரத்தம் கட்டுவது. ரத்த அழுத்தம் உள்ளவர்களிடமும் ஆண்களிடமும் அது கூடுதல். காதுப்பக்கம் மரத்துப்போவது பெரும்பாலும் மாதங்களில் சரியாகும். முகத்தசையை இயக்கும் நரம்பு காயப்படுவது அரிது, ஆனால் அதுதான் எல்லோரும் அஞ்ச வேண்டியது. புகைபிடிப்பவருக்குக் காதின் பின்புறத் தோல் அழுகலாம் என்பதால் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தையல் ஒரு வாரம், பத்து நாளில் பிரிக்கப்படும். வீக்கமும் கன்றலும் வடிய இரண்டு மூன்று வாரம் ஆகும், முகம் படிந்து நிலைக்கச் சில மாதங்கள். நம் தோலில் நிறமி அதிகம். தழும்பு கருப்பதும் தடிப்பதும் நேரலாம். முன்பு தழும்பு தடித்த அனுபவம் இருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பலன் ஏறத்தாழ ஏழு முதல் பத்து ஆண்டு; மூப்பு நிற்பதில்லை. நூல் கோத்துத் தூக்குவதும் நிரப்பு ஊசிகளும் இதற்கு ஈடல்ல. லேசான தளர்வுக்கு மட்டுமே அவை உதவும்.

தொழுநோய் முகத்துக்கான அறுவையையும் மூப்புக்கான அறுவையையும் ஒன்றாக வைத்துப் பேசுவது தவறு என்று மருத்துவர்களே சொல்லக்கூடும். தொழுநோயில் தோல்தான் கெட்டிருக்கிறது. மூப்பில் ஆழப்படலம் சரிகிறது. எனவே அறுவையின் ஆழமும் வேறு. இது சரியான ஆட்சேபம், உடற்கூற்றளவில் நான் அதை ஏற்கிறேன். ஆனால் எது அவசியம் என்பதை உடற்கூறு தீர்மானிக்கவில்லையே. விழுந்த மூக்கு பலருக்கும் உயிருக்கு ஆபத்தல்ல. உதிர்ந்த புருவம் யாரையும் கொல்வதில்லை. வேலூரில் அந்த அறுவைகளை அவசியமாக்கியது மற்றவர்களின் பார்வை. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது: திருந்த வேண்டியது சமூகமா, நோயாளியின் முகமா? சமூகம்தான். 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் 2019-இல்தான் தனிநபர் சட்டங்களிலிருந்து போயின. கூலி தேடிப்போகும் மனிதர் 118 ஆண்டு காத்திருக்க முடியுமா? சமூகம் மாறும்வரை அவரை அவருடைய முகத்தோடு விட்டுவிடுவதைக் கொள்கைப் பிடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியானால் ஃபேஸ்லிஃப்ட் கேட்கும் எல்லோருக்கும் அரசு செலவிட வேண்டுமா என்றால், வேண்டாம். முகத்தால் ஒருவர் எதை இழந்திருக்கிறார் என்று பார்த்து, அதிகம் இழந்தவரை முதலில் நிறுத்தினால் போதும். அந்த வரிசையில் தொழுநோயும் முகவாதமும் தீக்காயமும் முன்னால் நிற்கும்.

இப்போது நடப்பது அதுவல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஊனத் தரவரிசை கண், கை, கால் மூன்றை மட்டுமே கணக்கிடுகிறது. மூக்கும் புருவமும் தொங்கிய கன்னமும் அதில் இல்லை. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் சீரமைப்பு அறுவைக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் அதுவும் பெரிதும் அந்த மூன்று உறுப்புகளையே சுற்றி நிற்கிறது. தனியார் காப்பீட்டின் நிலை இன்னும் மோசம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துத் தந்த பொது விலக்குப் பட்டியலின்படி, தோற்றத்தை மாற்றும் அறுவைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்திய சீரமைப்பும், உடனடி ஆபத்தை நீக்கும் சிகிச்சையும் விதிவிலக்கு. தொழுநோய் அந்த விதிவிலக்கில் பெயரால் இல்லை. 2015-இல் இந்தியாவின் முதல் கைமாற்று அறுவை நடந்தது கொச்சி அமிர்தா மருத்துவமனையில். திறமைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை; குறை விதிகளில்தான். ஆணையம் அந்த விதிவிலக்கில் ‘தொழுநோய்’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். ஒழிப்புத் திட்டம் தன் ஊனப் பதிவேட்டில் முகத்துக்கு ஒரு கட்டம் திறக்க வேண்டும்.