சுங்கை பீசி வானில் மறைந்தவர்கள்



சாலாக் செலாத்தானை அடுத்திருந்த சுங்கை பீசி விமானத்தளத்தை நம்மில் பலரும் அறிவோம். 1965-இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்படும் வரை அதுவே கோலாலம்பூரின் விமான நிலையமாக விளங்கியது. அதன் வானில் 1941 டிசம்பர் 22-ஆம் நாள் நிகழ்ந்த போரை நம் பிள்ளைகள் அறிவார்களா?

அவ்வாண்டு டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். இரு வாரங்களுக்குள் வட மலாயாவின் விமானத்தளங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. ஆஸ்திரேலிய ஆகாயப்படையின் 453-ஆம் அணி ஈப்போவிலிருந்து சுங்கை பீசிக்குப் பின்வாங்கியது. அவ்வணியின் பஃபலோ விமானங்கள் அமெரிக்காவில் செய்யப்பட்டவை. விரைந்து மேலேறுவதிலும் சட்டெனத் திரும்புவதிலும் ஜப்பானிய விமானங்களுக்கு அவை ஈடாகவில்லை. 22-ஆம் நாள் சண்டையில் அணி பலத்த இழப்புக்கு உள்ளாகி, அம்மாத இறுதிக்குள் சிங்கப்பூருக்குத் திரும்பியது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது.

இத்தகைய இழப்புகளை ஆராய்வோர் ஒரு தரப்பின் ஏட்டை மட்டும் நம்புவதில்லை. வான்போரில் வீழ்த்தியதாகக் கூறப்படும் எண்ணிக்கை, எதிர்த்தரப்பு உண்மையில் இழந்ததைவிடப் பெரும்பாலும் மிகுந்தே இருக்கும். பெயர்களிலும் குழப்பம் உண்டு. மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பினர் "சீரோ" என்று குறித்தவற்றுள் பல, உண்மையில் ஜப்பானியத் தரைப்படையின் ஹயபூசா விமானங்கள். ஆகவே நாள், இடம், விமானத்தின் வரிசை எண், விமானியின் பெயர் ஆகியவற்றை இரு தரப்பு ஏடுகளிலும் ஒப்பிட்டே முடிவு காண்கின்றனர்.

இந்த உழைப்பின் பயன் யாது? ஒரு சான்று கூறுகிறேன். 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைவதாக அறிவித்த பின்னர், காட்டிலிருந்த 136-ஆம் படையினருக்குப் பொருள்களைப் போடச் சென்ற லிபரேட்டர் விமானமொன்று நெகிரி செம்பிலான் மலைக்காட்டில் வீழ்ந்தது. அதிலிருந்த எண்மரும் மாண்டனர். ஏறத்தாழ அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 2012-இல், அவர்களின் எச்சங்கள் கோலாலம்பூரின் செராஸ் சாலைக் கல்லறையில் இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. உடல் கிடைக்காத வீரர்களுக்கும் இடமுண்டு. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னத்தில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இதைப் படிக்கும்போது நம் மனம் சயாம் மரண ரயில்பாதையை நோக்கிச் செல்வது இயல்பே. மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்குக் கொண்டுசெல்லப்பட்டோர் 70,000-க்கும் அதிகம். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். திரும்பாதவர்கள் பல்லாயிரவர். அவர்களுக்கு வரிசை எண் இல்லை. அணி ஏடு இல்லை. முழுமையான பெயர்ப்பட்டியலும் இல்லை. விமானியைத் தேடுபவருக்கு ஏடு துணை நிற்கிறது. நம் முன்னோரைத் தேடுவோருக்குக் குடும்ப நினைவே ஏடு.

அந்த நினைவும் தேய்ந்து வருகிறது. சயாம் சென்று மீண்டவர்களுள் இன்று நம்மிடையே இருப்போர் மிகச் சிலரே; அவர்தம் பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். ஆதலால் பெற்றோர்களே, உங்கள் இல்லத்துப் பெரியவரிடம் மூன்று கேள்விகளைப் பிள்ளைகள் கேட்கட்டும்: சென்றவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? எந்த ஆண்டு? விடையை யார் கூறினார், என்று கூறினார் என்பதையும் சேர்த்து எழுதச் செய்யுங்கள். ஆசிரியர்களே, நான்காம் ஆண்டு முதல் வரலாறு பயிலும் மாணவர்களுக்கு இதையே ஒரு பயிற்சியாக அளிக்கலாம். ஒரு வகுப்பில் ஐந்து பெயர்கள் கிடைத்தாலும், அந்த ஐவர் வெறும் எண்ணிக்கையாக மறைய மாட்டார்கள்.