வாக்குறுதியும் முகவரியும்

தமிழகத்துப் பங்குகளில் ஒரு ஞாயிறு திருப்பலிக்கும் அடுத்த ஞாயிறு திருப்பலிக்கும் இடைப்பட்ட நாள்களில் விசுவாசம் வாடாமல் இருக்கிறது என்றால், அதற்கு மாலை வேளைகளில் கூடும் சிறு குழுக்களே பெரிதும் காரணம். அவற்றுள், வீடுகளைச் சந்திக்கும் பொதுநிலையினர் இயக்கமான மரியாயின் சேனையையும், ஒரே தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

ஆள் சேரும் விதத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. சேனைக்கு ஒருவர் தாமாக விரும்பி வருகிறார். குறைந்தது மூன்று மாதம் பயிற்சி நிலையில் இருந்த பிறகே வாக்குறுதி கொடுக்கிறார். அன்பியத்துக்கு அப்படி யாரும் வந்து சேர வேண்டியதில்லை. அந்தத் தெருவில் குடியிருந்தாலே போதும். சேனையைக் கட்டுவது வாக்குறுதி. அன்பியத்தைக் கட்டுவது முகவரி. ஆகவே முன்னதில் மனம் ஒத்தவர்கள் கூடுகிறார்கள். பின்னதிலோ, வாய்க்கால் தகராறில் நெடுநாளாய்ப் பேசாதிருக்கும் இரு வீட்டாரும் ஒரே பாயில் உட்கார வேண்டியிருக்கிறது. இது அன்பியத்தின் தொல்லை. அதன் பெரும் பலமும் இதுவே என்பது என் எண்ணம்.

கூட்டம் நடக்கும் முறையும் வேறு வேறு. சேனையில் வெள்ளைத் துணி விரித்த மேசை, அமல அன்னையின் சுரூபம், இருபுறமும் பூச்சாடியும் மெழுகுதிரியும். 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளினில் கூடிய முதல் கூட்டத்து மேசையும் இப்படித்தான் இருந்தது. செபமாலை, ஆன்ம வாசகம், கூட்ட அறிக்கை, பணி அறிக்கை என எதுவும் வரிசை மாறாது. அன்பியம் கூடுவது யாரோ ஒருவர் வீட்டு முன்கூடத்தில். கட்டிலை நகர்த்தி, பாய் விரித்து, நடுவில் விவிலியத்தை வைத்துவிட்டால் இடம் தயார். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் பரப்பிய ஏழு படி நற்செய்திப் பகிர்வைப் பல பங்குகள் பின்பற்றுகின்றன. வாசகத்தில் மனதைத் தொட்ட ஒரு சொல்லை உரக்கச் சொல்லும் மூன்றாம் படியில், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் காதில் விழுந்த ஒரு தொடரைச் சொல்லிவிடுகிறார். குருவானவரின் மறையுரையைக் கேட்டு மட்டுமே பழகியவர், இறைவார்த்தையைத் தம் வாயால் எடுத்துரைக்கிறார்.

சேனை பழையது, அன்பியம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த புதியது என்று பிரித்துப் பேசுவது வழக்கம். ஆனால் சேனையை நிறுவிய பிராங்க் டஃப் குரு அல்லர்; அரசுப் பணியில் இருந்த பொதுநிலையினர். குருக்களல்லாத சாதாரண மக்கள் வீடு வீடாகச் சென்று நற்செய்திப் பணி ஆற்ற முடியும் என்று அவர் செயலில் காட்டி நாற்பதாண்டுக்கு மேல் ஆன பிறகே, 1964இல் அந்தச் சங்கம் இறைமக்கள் என்ற கருத்தைத் தன் ஏட்டில் எழுதியது. மறு ஆண்டு அதே சங்கத்தில் டஃப் பொதுநிலைப் பார்வையாளராக அமர்ந்திருந்தார். அன்பியத்துக்கு ஊற்றான அவையில் சேனையின் தந்தையும் இருந்தார். இந்த உறவைப் பங்குகளில் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் தகும்.

உதவி செய்வதில் இன்னொரு வியப்பு. ஏழைகளுக்குப் பொருளுதவி செய்யும் வின்சென்ட் தே பவுல் சபையில் ஊறி வளர்ந்த டஃப், தம் சேனையினர் பொருளுதவி செய்யக் கூடாது என்று விதித்தார். இருவர் இருவராகப் போவது, உட்கார்ந்து பேசுவது, செபிப்பது, அவ்வளவே. அன்பியமோ மருத்துவமனைச் செலவுக்கு வசூல் செய்யும். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்.

இரண்டுமே வெறும் செபக்கூட்டமாகச் சுருங்கிவிடும் ஆபத்தை முன்னரே அறிந்தவை. சேனையில் ஒவ்வொருவரும் எந்த வீட்டுக்குப் போனோம், என்ன நடந்தது என்று வாரந்தோறும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அன்பியத்தில் ஆறாம் படி அதே வேலைக்காக வைக்கப்பட்டது: நாம் என்ன செய்யப் போகிறோம்? நடைமுறையில் அதிகம் தவறிப்போவதும் இந்தப் படியே. நேரமாகிவிட்டது என்று இறுதிச் செபத்துக்குத் தாவிவிடுகிறார்கள். போன முறை சொன்னது நடந்ததா என்று கேட்கும் சேனையின் கண்டிப்பு அங்கே தேவை. சேனைக்கோ, தானாகத் தேர்ந்துகொள்ளாத அயலாரோடு அமர்ந்து விவிலியம் பகிரும் பழக்கம் தேவை.

பல பங்குகளில் இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சத்தமில்லாமல் நடத்துபவர்கள் பெண்கள். சேனையில் அறிக்கை வாசிப்பவரே தம் தெரு அன்பியத்தின் பொறுப்பாளராகவும் இருக்கிறார். கோவிலுக்கு வராமல் நின்றுபோன குடும்பம் எது என்று அன்பியத்தில் அவருக்குத் தெரியவருகிறது. அடுத்த சேனைக் கூட்டத்தில் அந்த வீட்டுச் சந்திப்பைத் தம் பணியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.