கடல்சார் பொறியியல் கல்வி (இந்தியா)

கப்பலை நகர்த்தும் முதன்மை எஞ்சின், அதற்குத் துணையான ஜெனரேட்டர், பாய்லர், பம்ப், கம்ப்ரஸர், எரியெண்ணெய்ச் சுத்திகரிப்பான், கடல்நீரை நன்னீராக்கும் கருவி, சுக்கான் இயந்திரம் ஆகியவற்றை இயக்கவும் பழுது பார்க்கவும் கற்பிக்கும் படிப்பு கடல்சார் பொறியியல். வெப்ப இயக்கவியலும் உலோகவியலும் கரையில் படிக்கும் இயந்திரவியலுக்கும் பொதுவானவை. ஆனால் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால், கப்பலில் இருக்கும் உதிரிப் பாகங்களையும் ஆட்களையும் கொண்டே அதை மறுபடி ஓடவைக்க வேண்டும். அதனால்தான் இந்தப் படிப்பில் பட்டறை வேலைக்கு இவ்வளவு இடம்.

தொடக்கத்தில் வகுப்பறையே இல்லை. நீராவிக் கப்பல் பொறியாளர் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து வேலையைக் கற்றார். பொறியாளருக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம் என்று பிரிட்டன் 1862இல் சட்டம் செய்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கப்பல் கட்டுமானவியலுக்குப் பேராசிரியர் பதவி உருவானதோ 1883இல். பல்கலைக்கழகத்துக்கு முன்பே சட்டம் வந்துவிட்ட இந்த வரிசை முக்கியமானது. பாடத்திட்டத்தின் எல்லையை இன்றும் பெரிதும் வகுப்பது சான்றிதழ் விதிகளே.

இந்தியாவில் தடை வேறு வகையானது. கப்பல் தொழில் ஆங்கிலேயர் கையில் இருந்தது. இந்தியர் கொதிகலன் அடியில் கரி அள்ளினர், அதிகாரியாக உயர வழியில்லை. இந்திய வணிகக் கப்பல் துறை வேண்டுமென்று மத்தியச் சட்டமன்றத்தில் 1922இல் தீர்மானம் கொண்டுவந்தவர் தமிழகத்தின் பி. எஸ். சிவசாமி ஐயர். அதைத் தொடர்ந்து அமைந்த குழுவின் பரிந்துரையால் 1927இல் பம்பாயில் ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பல் தொடங்கியது. அதில் பொறியியல் பயிற்சி சேர்க்கப்பட மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின.

விடுதலைக்குப் பின் 1949இல் கடல்சார் பொறியியல் பயிற்சி இயக்ககம் கல்கத்தாவிலும் பம்பாயிலும் பயிற்சியைத் தொடங்கியது. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளில் அரமும் கடைசல் இயந்திரமும் பிடித்துப் பழகிய கையோடு மாணவர்கள் கணக்கும் இயற்பியலும் படித்தார்கள். இந்திய வணிகக் கப்பல்களின் எஞ்சின் அறைகளுக்குத் தலைமைப் பொறியாளர்களைத் தந்ததில் இந்நிறுவனத்துக்கு இணை சொல்வது கடினம். 1994இல் அது கடல்சார் பொறியியல் மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது. இங்கே படித்த சோனாலி பானர்ஜி 1999இல் நாட்டின் முதல் பெண் கப்பல் பொறியாளர் ஆனார்; அரை நூற்றாண்டு தாமதம் இது.

2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் உருவானது. தலைமையகம் சென்னை. பழைய கல்கத்தா, மும்பை நிறுவனங்கள் அதன் வளாகங்களாயின.

பாடமும் மாறிவந்துள்ளது. பெருங்கடல் கடந்த டீசல் கப்பல் ‘செலாண்டியா’ 1912இலேயே ஓடினாலும், நீராவி டர்பைன் பல பத்தாண்டுகள் பாடத்தில் நீடித்தது. பின்னர் தானியங்கிக் கட்டுப்பாடும் மின்னணுவியலும் நுழைந்தன. 2020 முதல் எரியெண்ணெயில் கந்தகம் பொதுவாக 0.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற உலக விதி, புகை சுத்திகரிப்பையும் மாற்று எரிபொருளையும் தவிர்க்க முடியாத பாடங்களாக்கியது.

நான்காண்டு பி.டெக். முடித்தாலும் உடனே பொறியாளராகப் பொறுப்பேற்க முடியாது. இயந்திரவியல் பட்டதாரிகள் ஓராண்டுப் பயிற்சி வழியாகவும் வருகிறார்கள். இரு வழியினரும் கப்பலில் பணியாற்றி, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் எழுத்து, வாய்மொழித் தேர்வுகளில் தேறிய பிறகே நான்காம் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வரும். தலைமைப் பொறியாளராவதற்கு அங்கிருந்து இரண்டாம், முதலாம் வகுப்புகளையும் ஏற வேண்டும்.